நட்டஈட்டுப் பணமும் வரியும்: கொஸ்லந்தையில் ஒரு கணக்கு

வழக்காடியோ சமரசம் பேசியோ கைக்கு வரும் நட்டஈட்டுப் பணத்துக்கு வருமான வரி உண்டா என்று வெளிநாட்டில் வாழும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சட்டம் இதற்கு ஒரு எதிர்க்கேள்வியைத்தான் பதிலாக வைத்திருக்கிறது. அந்தப் பணம் எதற்கு ஈடாக வந்தது? இழந்த சம்பளத்துக்கு ஈடு என்றால் அது சம்பளம் போலவே வரிக்கு உட்படும். உடற்காயத்துக்கோ உயிரிழப்புக்கோ ஈடு என்றால் பெரும்பாலான நாடுகளில் வரி இல்லை. இலங்கையின் 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டமும், காயத்துக்கோ ஒருவரின் மரணத்துக்கோ வழங்கப்படும் மூலதனத் தொகைக்கு விலக்களிக்கிறது.

இந்த விதியின் பின்னால் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. கோர்லி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் ரயில் விபத்தொன்றில் படுகாயமுற்றார். அவர் இழந்த வருவாய் 37,720 பவுண் என்று கணக்கிடப்பட்டது. 1955 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை 6,695 பவுணாகக் குறைத்தது. அவர் தொடர்ந்து உழைத்திருந்தால் எஞ்சிய பணம் எப்படியும் வரியாகப் போயிருக்கும், நட்டஈட்டுக்கோ வரி இல்லை, ஆகவே முழுத் தொகையையும் கொடுத்தால் அவர் இலாபம் அடைந்துவிடுவார் என்பது தீர்ப்பின் நியாயம். கழிக்கப்பட்ட 31,025 பவுண் அரசாங்கத்துக்கும் போகவில்லை. விபத்துக்குப் பொறுப்பான போக்குவரத்து ஆணைக்குழுவிடமே அது தங்கிவிட்டது! கனடாவின் உச்ச நீதிமன்றம் 1966இல் இந்த வழியை ஏற்க மறுத்தது. கனடா செய்ததே சரி என்பது என் கட்சி.

கோர்லியின் பணத்தைக் குறைத்தது அவர் கட்டியிருக்க வேண்டிய வரி. வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத ஒருவனின் நட்டஈடு முழுதாக வந்து சேருமா? இதை யோசிக்கும்போதெல்லாம் ஊவாவின் தோட்டங்கள்தான், குறிப்பாகக் கொஸ்லந்தைதான், என் நினைவுக்கு வருகிறது.

இலங்கைக்கு வருமான வரி வந்தது 1932இல். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது 1934இல். முன்னையது தோட்டத் தொழிலாளியைத் தீண்டவில்லை. தீண்டுவதற்கு அவனிடம் எதுவும் இருக்கவில்லை. பின்னையது அவனுக்கும் உரியதுதான். ஆனால் அதில் இரண்டு முடிச்சுகள். தொகை சம்பளத்தை வைத்தே கணிக்கப்படும் என்பது ஒன்று. விபத்து வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்திருக்க வேண்டும் என்பது மற்றையது.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பலரின் சடலங்கள் கிடைக்கவேயில்லை. இப்போது அந்த இரண்டாவது முடிச்சைப் பாருங்கள். சட்டம் ஈடு தருவது வேலைத்தலத்தில் நேரும் விபத்துக்கு. அன்று அங்கே உயிர் காத்ததோ வேலைத்தலம்! லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது, தொழிலாளி அங்கே குடியிருந்ததும் அந்த வேலைக்காகத்தான் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். வாதாட இடமுண்டு என்பதைத் தாண்டிச் சட்டத்தின் வாசகத்தில் அவருக்குத் துணை இல்லை.

முதல் முடிச்சைப் பணிக்கொடையை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். 1983க்கு முன்னர் தொழில் நியாயசபைகளில் வழக்காடியே பலர் அதைப் பெற்றார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதை உரிமையாக்கியது. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளம். மண் சரிந்த ஆண்டில் தோட்டத்தின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். வரவுக்கான 140, விலைப் பங்கான 30 எல்லாம் சேர்த்தால்தான் 620. முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவளுக்கு 450ஐ 14ஆலும் 30ஆலும் பெருக்கினால் 1,89,000 ரூபாய். இறைவரித் திணைக்களம் திரும்பியும் பார்க்காத தொகை. கோர்லிக்கு வரியால் கழிந்தது, இவளுக்குச் சம்பளப் பட்டியலிலேயே கழிந்துவிட்டது. (சேவை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால், தாமதத்தைப் பொறுத்து 10 முதல் 30 சதவீதம் வரை நிர்வாகம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். கேட்டுப் பெறத் தெரிந்தவர்களுக்கு இது உதவும்.)

வேலைத்தல விபத்துக்கான நட்டஈட்டின் உச்சவரம்பு நெடுங்காலம் 5,50,000 ரூபாயாக நின்றது. 2022இல்தான் அது 20 இலட்சமாக உயர்ந்தது. மீரியபெத்தவில் தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நெடுநாள் தங்கியிருந்தார்கள். பூனாகலைப் பக்கம் அவர்களுக்காகக் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.