மாஹிம் கிழக்கின் புகை

மாஹிம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே தாராவிக்குள் நுழைந்து, சந்து சந்தாகக் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவை நெருங்குகிறவனுக்கு, அந்த இடத்தைக் கண்ணுக்கு முன்னால் மூக்கே அறிவித்துவிடும். பட்டி எனப்படும் சூளையை மூட்டிய நாளாக இருந்தால், பஞ்சு கருகும் காரநெடியும் ஈரமண் சுடும் வாசனையும் கலந்த வெண்புகை, முற்றத்திலிருந்து எழுந்து இரண்டு பக்கத்து வீடுகளின் ஜன்னல்களையும் தடவிக்கொண்டே மேலே போகும்.

சௌராஷ்டிரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குயவர்கள், பம்பாய் வளர வளர இருந்த இடங்களிலிருந்து வடக்கே தள்ளப்பட்டு, 1930-களில் இங்கே நிலைகொண்டார்கள். அவர்களுக்கு முன்னமே, நகரம் சகிக்க மறுத்த நாற்றத்தோடு தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் மாஹிம் கழிமுகத்துச் சேற்றோரத்தில் வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் உழைக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்களின் சந்ததியினர் இன்றும் தாராவியில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். வேண்டிய பொருளை வைத்துக்கொண்டு அதன் புகையையும் நாற்றத்தையும் எல்லைக்கு அப்பால் அனுப்புவது எல்லா மகாநகரங்களுக்கும் பொதுவான வழக்கம். ஆனால் பம்பாயின் எல்லை நகர்ந்து நகர்ந்து அப்பாலுக்கும் அப்பால் போய்விட்டதால், ஒருகாலத்தில் ஓரமாக இருந்த தாராவி இன்று ஊருக்கு நடுவே இருக்கிறது.

பட்டி என்பது செங்கல்லால் கட்டிய தாழ்ந்த சதுரச் சுவர், அவ்வளவுதான். மேலே கூரையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. கழிவுப் பஞ்சு, துணித்துண்டு, மரத்தூள் ஆகியவற்றை எரிபொருளாக இட்டுப் பானைகளையும் அகல்களையும் அடுக்கி மூடிச் சுடுகிறார்கள். ஒரு பட்டியைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால், புகையும் குடும்ப பேதமின்றி எல்லோருக்கும் பங்காகிறது. இதைப் பார்த்து அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டவெளியில், காற்று தடையின்றி ஓடும் கிராமத்தில், இந்தச் சூளைக்கு ஆகாயமே புகைபோக்கியாக இருந்திருக்கிறது. சூளை மாறவில்லை, அதைச் சுற்றி வீடுகள் நெருங்கி, மாடியும் ஏறி, காற்றின் பாதைதான் குறுகிவிட்டது.

புகைக்கு விடும் வழி பெரிதாயிருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஐரோப்பாவிலும் அப்படித்தான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1790-களில் ரம்ஃபோர்டு பிரபு லண்டன் வீடுகளின் கணப்படுப்புகளில் புகைவழியின் கழுத்தைக் குறுக்கிக் காட்டியபோதுதான், அறைக்குள் திரும்பிக்கொண்டிருந்த புகை ஒழுங்காக மேலேறியது. காரணம் எளிது: புகையை மேலே இழுப்பது அதன் உஷ்ணமும் குழாயின் உயரமுமே. குழாய் அடுப்பின் அளவுக்கு மிஞ்சி அகன்றால் புகை குளிர்ந்து தயங்கும், அதிலுள்ள நீராவி சுவரில் வியர்த்து வடியும். குறுகினால் திணறி வீட்டுக்குள்ளேயே திரும்பும். இரண்டு அடுப்புகள் ஒரே குழாயைப் பங்கிட்டுக்கொள்ளும்போது சிக்கல் இரட்டிக்கிறது. இரண்டும் எரிகையில் இரண்டுக்கும் இடம் வேண்டும். சிறியது மட்டும் எரிகையில் அந்தப் பெருங்குழாயை அதனால் சூடாக்க முடிவதில்லை. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் வாயு உலைக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் பொதுக்குழாய் அமைப்பவர்கள், உயரத்தையும் வெப்பத்தையும் வைத்து அட்டவணை பார்த்தே அகலத்தை நிர்ணயிப்பது இதனால்தான்.

பம்பாய்க்கும் அளவுகோல் தெரியாமலில்லை. 1896-இல் மாண்ட்வியில் பிளேக் தோன்றி நகரைச் சூறையாடிய பிறகு, 1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட், ஜன்னலின் அடியிலிருந்து அறுபத்து மூன்றரை பாகைக் கோணத்தில் பார்த்தால் ஆகாயம் தெரியவேண்டும் என்ற விதியைக் கையாண்டது; அதாவது எதிர்ச்சுவரின் உயரம் இடைவெளியைப்போல் சுமார் இரண்டு மடங்குக்குள் அடங்கவேண்டும். டிரஸ்டின் தலைவராயிருந்த ஜே. பி. ஆர் 1912-இல் இதைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே செய்தார். தமிழர்கள் விரும்பிக் குடியேறிய மாதுங்கா, அந்த டிரஸ்ட் வகுத்த திட்டத்தில் பிறந்ததுதான். அதே 1912-இல் உலைப் புகையைக் கட்டுப்படுத்தவும் ஒரு சட்டம் வந்தது. வெளிச்சத்துக்கு அளவு கண்டார்கள், ஆலைப் புகைக்குச் சட்டம் கண்டார்கள். வீட்டு அடுப்பின் புகை யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

அதைக் கணக்கில் ஏற்றியவர்களில் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை அவர் வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தினார். புகைபோக்கியோடு கூடிய மகன் அடுப்பு 1947-இல் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு, வரிசையாகப் பாத்திரங்கள் அமரும் பல கண் அடுப்பின் புகை முழுவதையும் ஒரே குழாய்க்குள் செலுத்தும் அமைப்பை உருவாக்கினார். அங்கேயும் பொதுவழியின் தொல்லை தொடர்ந்தது. ஒரு கண்ணில் பாத்திரம் இல்லாமல் திறந்து கிடந்தால் அதன் வழியே வெளிக்காற்று புகுந்து குழாயின் இழுவை தளரும். கரி படிந்த குழாயைத் துடைக்காவிட்டால் வழியே அடைபடும்.

பிறகு வாயு வந்தது. 1950-களின் நடுவில் பம்பாய்ச் சமையலறைகளில் சிலிண்டர் நுழைந்தது; 1995-இல் தோன்றிய மகாநகர் காஸ் நிறுவனம் குழாய் வழியே வாயுவைக் கொண்டுவந்தது. கண்ணை எரித்த புகை மறைந்ததும் வழியைப் பற்றிய கவலையும் மறைந்தது, அது சரியன்று. ஒரு பங்கு இயற்கை வாயு முழுமையாக எரிய ஏறக்குறையப் பத்துப் பங்கு காற்று வேண்டும். மூடிய குளியலறையில் வாயு கீஸர் எரியும்போது காற்று குறைந்தால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு உண்டாகி, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். குளிக்கப் போனவர் திரும்பாத செய்தியைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அடுக்குமாடிகளில் எல்லா மாடிக் குளியலறை ஜன்னல்களும் திறக்கின்ற டக்ட், பட்டி முற்றத்தைப் போலவே பலருக்குப் பொதுவான வழி. கீழே எத்தனை கீஸர்கள் எரிகின்றன என்று மேல்மாடிக்காரர் ஒருநாளும் எட்டிப் பார்ப்பதில்லை. கும்பார்வாடாக்காரருக்கோ, யாருடைய பட்டி எரிகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வாசலில் நின்றாலே தெரியும்.

தீபாவளி நெருங்கும்போது அகல்களுக்குத் தேவை பெருகி, ஒரு பட்டி ஆறுவதற்குள் அடுத்த பட்டியை மூட்டவேண்டியிருக்கும். நகரமெங்கும் ஏற்றப்போகும் விளக்குகளின் முதற்புகை அப்போது அந்த முற்றங்களிலேயே தங்கிவிடுகிறது.