வணிக ஆங்கிலமும் துபாசிகளும்

கடிதம், கணக்கு, ஒப்பந்தம், விலைப்பட்டியல் ஆகியவற்றில் வழங்கும் ஆங்கிலமே வணிக ஆங்கிலம் எனப்படுகிறது. தமிழகத்தில் ஆங்கிலப் பள்ளிகள் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்பே துணி வணிகம் இம்மொழியைக் கொண்டுவந்தது. கற்பவரைத் திகைக்கவைக்கும் அதன் முரண்கள் பலவற்றுக்கு வரலாற்றில் விளக்கம் உண்டு.

எல்லைப் பகுதியும் இருமொழியும்

திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டு, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவுப் பகுதி. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, ம. பொ. சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இங்குத் தமிழும் தெலுங்கும் அன்றாடம் புழங்குகின்றன. இத்தகைய இருமொழித் திறனே ஒரு காலத்தில் தனித் தொழிலாக விளங்கியது. அத்தொழிலைச் செய்தவர் துபாசி எனப்பட்டார். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள்.

1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் சென்னையில் இடம் பெற்ற ஆங்கிலேயர், பருத்தித் துணியை நாடியே இக்கரைக்கு வந்தனர். நெசவாளரின் மொழி அவர்களுக்குத் தெரியாது. விலை பேசவும் முன்பணம் கொடுக்கவும் சரக்கைப் பெறவும் அவர்கள் துபாசிகளையும் தரகர்களையும் நம்பியிருந்தனர்.

கணக்கேட்டில் தமிழ்ச் சொற்கள்

வணிகத்தில் சொற்கள் இரு திசையிலும் பயணம் செய்தன. சரக்கறையைக் குறிக்கும் 'குடோன்' என்னும் ஆங்கிலச் சொல், தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிடங்கி' ஆகியவற்றோடு தொடர்புடையது. மலாய் மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 'சுருட்டு' என்பது 'செரூட்' ஆயிற்று.

'கேஷ்' என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. கம்பெனியின் சென்னைக் கணக்குகளில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தச் சிறு நாணயமான 'கேஷ்', தமிழின் 'காசு'. வேர் வேறான இரு சொற்கள் ஒரே எழுத்துக்கோவையில் ஒன்றாகிவிட்டன.

ஒலிக்காத எழுத்துகள்

கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் 'பி' எழுத்தும், பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'ரிசீட்' என்னும் சொல்லில் 'பி' போல் தொடங்கும் மற்றோர் எழுத்தான, 'பேப்பர்' என்பதன் முதலெழுத்தும் எழுதப்படுகின்றன, ஒலிக்கப்படுவதில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது இச்சொற்களில் பொதுவாக அவ்வெழுத்துகள் இல்லை. இலத்தீன் வேரைக் காட்ட விரும்பிய அறிஞர்கள் அவற்றைப் பின்னர் சேர்த்தனர். எழுத்து மாறியது, நாக்கு மாறவில்லை. நம் 'ரசீது' இந்த ஆங்கிலச் சொல்லின் திரிபு எனப் பலர் கருதுவர். உண்மையில் அது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல்.

பொருள் மாறும் இடங்கள்

எழுத்துப் பிழையைவிடப் பொருட்பிழை வணிகருக்கு அதிக இழப்பைத் தரும். 'சாங்ஷன்' என்றால் வங்கியில் அனுமதி, நாடுகளுக்கிடையே தடை. கூட்டத்தில் ஒரு பொருளை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் அதை விவாதத்துக்கு வைப்பது. அமெரிக்காவில் அதை ஒத்திப்போடுவது. பிரிட்டனில் 'பில்லியன்' முன்பு ஒரு லட்சம் கோடியைக் குறித்தது. 1974இல் அந்நாட்டு அரசு அமெரிக்க வழக்கை ஏற்றபின் அதன் மதிப்பு நூறு கோடி ஆயிற்று. 3/4 எனத் தேதியிட்ட கொள்முதல் ஆணையை இந்தியர் ஏப்ரல் 3 என்றும் அமெரிக்கர் மார்ச் 4 என்றும் படிப்பர். அதனால் ஏற்றுமதியாளர் மாதத்தின் பெயரை எழுத்தில் குறிப்பதே பாதுகாப்பானது.

இந்தியரும் ஆங்கிலத்துக்குச் சொற்களை அளித்துள்ளனர். 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராகப் புழங்கும் 'ப்ரீபோன்' இந்திய வழக்கு. அதை அறியாத அயல்நாட்டவருக்கு எழுதும்போது, கூட்டம் முன்னதாகவே நடக்கும் என விரித்துச் சொல்வது நல்லது.

துபாசியிலிருந்து பள்ளிக்கு

பெரியபாளையத்தில் 1754இல் பிறந்த பச்சையப்ப முதலியார் துபாசியாகப் பெரும் பொருள் ஈட்டினார். 1794இல் அவர் மறைந்தபின், அவரது அறக்கொடையிலிருந்து 1842இல் சென்னையில் ஒரு பள்ளி தோன்றியது. சிலரிடம் மட்டும் இருந்த ஆங்கிலம் பலருக்கும் கிடைக்க இத்தகைய பள்ளிகள் வழிவகுத்தன. முன்பு ஒரு துபாசி இருபுறமும் சொல்லி விளக்கிய பொருளை, இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வணிகர் தாமே சரிபார்க்க வேண்டியுள்ளது.