பதினாறாம் எண் சட்டம்

நல்ல ஆசாரி செய்த ஏணி அல்ல அது. படிக்கும் படிக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. சாரத்தில் ஏறிப் பழகியவர்கூடக் காலை எட்டி வைத்துத்தான் ஏற வேண்டும். மரமும் ஒரே சாதியில்லை: தெற்கத்திப் பைன், பாண்டரோசா பைன், டக்ளஸ் ஃபிர், பிர்ச் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து அடித்திருந்தார்கள். ஆனால் செய்தவருக்குக் கொஞ்சம் தொழில் தெரியும். ஏணி மூன்று துண்டாகப் பிரியும். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கினால் காருக்குள் அடங்கிவிடும். மர முளைகளைச் செருகினால் மறுபடி ஏணி. மொத்த எடை பதினேழு கிலோ.

1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊருக்கு அருகே, சார்லஸ் லிண்ட்பெர்க்கின் வீட்டுத் தோட்டத்தில் இந்த ஏணி கிடந்தது. 1927இல் தனியாளாக அட்லாண்டிக் கடலை இடையில் இறங்காமல் விமானத்தில் கடந்தவர் லிண்ட்பெர்க். அன்று அமெரிக்காவில் அவரைவிடப் புகழ்பெற்ற மனிதர்கள் குறைவு. அவருடைய இருபது மாத மகன் மாடி அறைத் தொட்டிலில் இல்லை. சன்னலுக்குக் கீழே ஏணிக்கால் பதிந்த தடம். பக்கத்தில் முக்கால் அங்குல உளி ஒன்று. ஏணியின் பக்கச் சட்டம் இணைப்பு இடத்தில் பிளந்திருந்தது.

ஐம்பதாயிரம் டாலர் பணயத் தொகை ஏப்ரல் 2ஆம் தேதி ஒரு கல்லறைத் தோட்டத்தில் கைமாறியது. குழந்தை திரும்பவில்லை. மே 12 அன்று, வீட்டிலிருந்து சில மைல் தள்ளி, சாலையோர மரங்களுக்கிடையே உடல் கிடைத்தது. மண்டை ஓடு உடைந்திருந்தது. கடத்தல் வழக்கு கொலை வழக்கானது.

அதற்குள் ஏணி பட்ட பாடு கொஞ்சமல்ல. யார் யாரோ தொட்டார்கள், தூக்கினார்கள், பிரித்தார்கள், மறுபடி பூட்டினார்கள். வெள்ளி நைட்ரேட் கரைசல் பூசிக் கைரேகை எடுத்தபோது நூற்றுக்கணக்கான ரேகைத் துணுக்குகள் தெரிந்தன. குற்றவாளியைக் காட்ட அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. இன்றைய காவல் பயிற்சிப் பள்ளியில், தடயப் பொருளை எப்படிக் கையாளக் கூடாது என்ற பாடத்துக்கு இந்த ஏணியையே வைக்கலாம்.

ரேகையைத் தேடி எல்லோரும் மரத்தின் மேற்பரப்பைப் பார்த்தபோது, மரத்தையே பார்க்க ஒருவர் முன்வந்தார். ஆர்தர் கோஹ்லர் விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் இருந்த அரசு வனப்பொருள் ஆய்வகத்தில் மர நிபுணர், தச்சர் மகன். ஏணியைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததும், உதவத் தயார் என்று தானாகவே எழுதினார். முதலில் அவரிடம் வந்தவை சில சிராய்கள் மட்டும். 1933இல்தான் நியூ ஜெர்சியின் டிரென்டனுக்குப் போய் முழு ஏணியையும் கையில் எடுத்தார். துண்டு துண்டாகக் கழற்றி எண் போட்டார்: படிகளுக்கு 1 முதல் 11, பக்கச் சட்டங்களுக்கு 12 முதல் 17.

கீழ்ச்சட்டங்கள் 12, 13 இரண்டிலும் மில்லில் இழைத்த தடம் இருந்தது. இழைப்பு இயந்திரத்தின் உருளையில் பல கத்திகள் உண்டு. மரம் உள்ளே போகப் போக ஒவ்வொரு கத்தியும் மெல்லிய அலைபோல ஒரு வெட்டை விட்டுச் செல்லும். ஒரு கத்தியில் சின்னப் பழுது இருந்தால், உருளை ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் அந்தப் பழுது மரத்தில் மறுபடி பதியும். சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியும். ஒரு பழுதிலிருந்து அடுத்த பழுதுவரை வெட்டுகளை எண்ணினால் கத்திகள் எத்தனை என்று தெரிந்துவிடும். கோஹ்லர் எண்ணினார். அகலப் பக்கம் இழைத்த உருளையில் எட்டுக் கத்திகள். ஓரத்தை இழைத்ததில் ஆறு. ஒரு சுற்றுக்கு மரம் நகர்ந்த தூரம் 0.93 அங்குலம்.

இனி வேண்டியது பொறுமை ஒன்றுதான். நியூயார்க் முதல் தெற்கே அலபாமா வரை 1,598 மரமில்களுக்குக் கடிதம் போனது: எட்டுக்கு ஆறு கத்திக் கணக்கில் உங்களிடம் இயந்திரம் உண்டா? இருபத்தைந்து மில்கள் உண்டு என்றன. மாதிரிப் பலகைகள் வந்தன. தெற்குக் கரோலினாவின் மெக்கார்மிக் ஊரில் இருந்த டோர்ன் மில்லின் மாதிரி பொருந்தியது. அந்த இயந்திரத்துக்கு 1929 செப்டம்பரில் புதுக் கப்பி வாங்கி மாட்டியிருந்தார்கள். அதன் பிறகே மரம் ஓடும் வேகம் ஏணியில் கண்ட அளவுக்கு வந்திருந்தது. ஆகவே, 1929 இலையுதிர் காலத்துக்கும் கடத்தல் நடந்த இரவுக்கும் நடுவில் இழைத்த மரம் இது.

அந்த இடைவெளியில் வடக்கே போனது நாற்பதுக்கும் மேற்பட்ட ரயில் பெட்டிச் சரக்கு. துப்பறிவாளர் போர்ன்மனைக் கூட்டிக்கொண்டு கோஹ்லர் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கினார். பல இடங்களில் சரக்கு விற்றுத் தீர்ந்திருந்தது. 1933 நவம்பர் கடைசியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நேஷனல் லம்பர் கடை. அங்கேயும் சரக்கு இல்லை. ஆனால் அந்த மரத்தில் கொஞ்சம் எடுத்துக் கடைக்குள்ளேயே அடுக்குத் தட்டு கட்டியது மேஸ்திரிக்கு நினைவிருந்தது. ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். அதே கத்தி, அதே பழுது.

அத்தோடு வழி அடைபட்டது. கடையில் வியாபாரம் ரொக்கத்துக்கு. ரொக்கம் கொடுத்தவர் பெயரை யார் எழுதி வைப்பார்?

அடுத்த பிடி மரத்திலிருந்து வரவில்லை. 1933இல் தங்கத்துக்கு மாற்றக்கூடிய ‘தங்க நோட்டு’களை அரசு திரும்பப் பெற்றுவிட்டதால் அவை புழக்கத்தில் அரிதாகிவிட்டன. 1934 செப்டம்பரில் ஒருவர் பத்து டாலர் தங்க நோட்டு கொடுத்து பெட்ரோல் போட்டார். சந்தேகப்பட்ட பங்க் ஊழியர் வண்டி எண்ணை நோட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்தார். பணயத் தொகையில் சேர்ந்த நோட்டு அது. செப்டம்பர் 19 அன்று புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மன் பிடிபட்டார். பிராங்ஸ்வாசி, ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறி, தொழில் தச்சு. கார் கொட்டகையில் பதினான்காயிரம் டாலருக்கு மேற்பட்ட பணயப் பணம் கிடைத்தது. நேஷனல் லம்பரில் அவர் வேலையும் செய்திருக்கிறார், மரமும் வாங்கியிருக்கிறார்.

இப்போது பதினாறாம் எண். மேல்துண்டின் பக்கச் சட்டமான இது தொடக்கத்திலிருந்தே தனி ரகம். கடைச் சரக்கின் அகலம் இதற்கு இல்லை. யாரோ வாளால் நெடுக்கே கிழித்து, இழைப்புளியால் கையாலேயே இழைத்திருந்தார்கள். ஏணிக்குத் தேவையே இல்லாத நான்கு சதுர ஆணித்துளைகள். துளைகளைச் சுற்றித் துருக்கறை கிடையாது. வெயில், மழை படாத கட்டடத்தின் உட்புறத்தில் ஏற்கெனவே அடித்திருந்த பலகை இது என்று கோஹ்லர் 1933இலேயே எழுதிவிட்டார். அப்போது ஹாப்ட்மன் என்ற பெயர் எந்தக் காவலருக்கும் தெரியாது.

செப்டம்பர் 26 அன்று போர்ன்மன் ஹாப்ட்மன் வீட்டுப் பரணுக்குள் நுழைந்தார். படிக்கட்டு கிடையாது. துணி அலமாரியின் தட்டுகளில் கால் வைத்து ஏறிப் போக வேண்டும். தளப் பலகை ஒன்றில் ஏறக்குறைய எட்டடித் துண்டைக் காணவில்லை. கீழே மரத்தூள். பதினாறாம் சட்டத்தைக் கொண்டுவந்து உத்தரங்களின்மேல் வைத்தார்கள். நான்கு துளைகளும் உத்தரத்தில் இருந்த பழைய ஆணித்துளைகளின்மேல் சரியாக உட்கார்ந்தன. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு அங்குலம் மூன்று நூல் மரம் குறைந்திருந்தாலும், ஆண்டு வளையங்களின் ஓட்டம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தொடர்ந்தது. ஹாப்ட்மனின் இழைப்புளியை ஒரு பலகையில் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பழுதுகளும் சட்டத்தில் இருந்தவையும் ஒன்றே.

1935 சனவரியில் ஃப்ளெமிங்டன் நீதிமன்றத்துக்கு ஏணி வந்தது. இவ்வளவு கை பட்ட பொருளைச் சான்றாக ஏற்கலாமா என்று எதிர்த்தரப்பு மல்லுக்கு நின்றது. மர நிபுணர் என்று ஒரு இனமே உலகில் இல்லை என்றும் வாதம் எழுந்தது. நீதிபதி டிரென்சார்ட் இரண்டையும் தள்ளினார். நீதிபதியின் மேசையிலேயே பிடிப்பானை மாட்டி, ஹாப்ட்மனின் இழைப்புளியால் மரத்தை இழைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடங்களை ஜூரர்களுக்குக் காட்டினார் கோஹ்லர். கூண்டில் நின்ற ஹாப்ட்மன், நான் தச்சன், இதுவா நான் செய்யக்கூடிய ஏணி என்ற பாணியில் பதில் சொன்னார். மன்றம் சிரித்தது. பிப்ரவரி 13 அன்று தீர்ப்பு: குற்றவாளி. 1936 ஏப்ரல் 3இல் மின் நாற்காலி. கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

சந்தேகங்கள் அன்றே எழுந்தன. ஆளுநர் ஹாஃப்மனே பரணில் ஏறிப் பார்த்தார். போலீசே பலகையை அறுத்து வைத்திருக்கலாம் என்ற பேச்சு இன்றும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பரண் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே எழுதிய அறிக்கையில் அந்த நான்கு துளைகளும் இருக்கின்றன. ஆனால் மரம் பேசுவது இவ்வளவுதான்: நான் எங்கே இழைக்கப்பட்டேன், யார் வீட்டுப் பரணில் கிடந்தேன். அன்றிரவு தன்மீது எத்தனை பேர் ஏறினார்கள், குழந்தை எந்த நொடியில் செத்தது என்று அது சொல்லாது. ஏணி உடைந்து குழந்தை விழுந்தது என்று வழக்கைத் தொடங்கிய அரசு வழக்கறிஞர் விலென்ட்ஸ், முடிவுரையில் உளியால் அடித்ததாகச் சொன்னார்.

ஏணி இப்போது டிரென்டனை ஒட்டி, நியூ ஜெர்சி மாநிலக் காவல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பரணிலிருந்து பெயர்த்தெடுத்த மீதிப் பலகையும் அங்கேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு அங்குலம் மூன்று நூல் மரம் மட்டும் கிடைக்கவே இல்லை.