கோல இலக்கணம்

புள்ளிக் கோலங்களை மாற்றெழுத்து விதிகளாக (ஒரு குறிக்குப் பதில் வேறு குறிகளை வைக்கும் விதிகளாக) வகுத்து, அவ்விதிகளைக் கொண்டு கணினியையே கோலம் வரையச் செய்யும் கணித முறை கோல இலக்கணம் எனப்படும். இது கணினியியலில் படமொழிக் கோட்பாட்டைச் சேர்ந்தது. 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உருப்பெற்றது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் எழுதிய அடிப்படை ஆய்வுக் கட்டுரை 1974இல் வெளிவந்தது.

மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரத்திலோ மார்கழிக் கோலம் போடுகிறவரிடம் "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்றால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நடு வரிசையில் 15. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறைத்து, முந்தைய வரிசையின் இடுக்குகளில் வைத்துக்கொண்டே போய் 8இல் நிறுத்த வேண்டும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. அத்தனை புள்ளிகளின் இடத்தையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 21 புள்ளி, 11 வரை என்று மாற்றினால் அதே விதி பெரிய கோலத்தைத் தரும். சிறு விதி ஒன்றிலிருந்து முடிவில்லாத வடிவங்கள் பிறப்பதைத்தான் கணிதத்தில் இலக்கணம் என்கிறார்கள்.

மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1956இல் இலக்கணங்களைக் கணித நோக்கில் வகைப்படுத்தினார். அவ்வகை விதிகளால்தான் அல்கால் 60 நிரல்மொழியின் தொடரமைப்பு வரையறுக்கப்பட்டது. கம்பைலர் வடிவமைப்புக்கும் அவையே அடித்தளம். ஆனால் அவை ஒரே வரியில் ஓடும் எழுத்துகளுக்கானவை. கோலமோ நெடுக்கிலும் குறுக்கிலும் விரிகிறது. ஒரு குறியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மூன்றை வைத்தால் அந்த வரிசை மட்டும் நீண்டு, படம் கலைந்துவிடும்.

இதற்குச் சிரோமணி தம்பதியரும் கமலா கிரிதிவாசனும் கண்ட வழி அழகானது. முதலில் கிடைமட்ட விதிகள் ஒரு வரிசைக் குறிகளை உண்டாக்கும். பிறகு ஒவ்வொரு குறியின் கீழும் ஒரு நிரல், அதாவது நெடுவரிசை, வளரும். எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வளர வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் செவ்வகம் குலையாது. தனிக் குறிக்குப் பதில் முழு அணியையே மாற்றிவைக்கும் விதிகளும் வகுக்கப்பட்டன. கோலம் இங்கே வெறும் எடுத்துக்காட்டு அன்று. கணிதத்துக்குப் புதிய கேள்வியைத் தந்ததே அதுதான். அந்தப் பெருமையில் வாசலில் கோலமிட்ட பெண்களுக்கும் பங்குண்டு.

புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கம்பிக் கோலத்துக்கு வேறு இலக்கணங்கள் தேவைப்பட்டன. அதில் கை நகரும் ஒவ்வொரு அசைவும் ஒரு குறியாகும். தாவர வளர்ச்சியை விளக்க உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த முறையும் இவ்வகைக் கோலங்களுக்குப் பொருந்தியது.

சிரோமணி தம்பதியரின் ஆய்வு கோலத்தோடு நிற்கவில்லை. கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறையை 1978இல் வெளியிட்டனர். ராணி சிரோமணி 1990இல், லிண்டன் சொற்கள் எனப்படும் எழுத்துச் சரங்களைக் கொண்டு பொதுச்சாவி மறையாக்க முறை ஒன்றைச் சக ஆய்வாளருடன் இணைந்து உருவாக்கினார்.