திருவருகைக்கால வளையம்

திருவருகைக்கால வளையம் என்பது பசுமை மாறாத ஊசியிலை மரக் கிளைகளால் வட்டமாகச் செய்யப்பட்டு, நான்கு மெழுகுதிரிகள் பொருத்தப்பட்ட ஒரு கிறிஸ்தவ வழிபாட்டு அடையாளம் ஆகும். கிறிஸ்துமஸ் பெருவிழாவுக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் இத்திரிகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுகின்றன. உலகின் ஒளி எனக் கிறிஸ்தவர்கள் நம்பும் இயேசு கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருப்பதை இது குறிக்கிறது. செருமனியின் லூத்தரன் கிறிஸ்தவர்களிடையே தோன்றிய இவ்வழக்கம் பின்னர் கத்தோலிக்கம் முதலிய பிற சபைகளுக்கும் பரவியது.

திருவருகைக்காலம்

மேற்கத்திய திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்துடன் தொடங்குகிறது. தமிழில் இது ஆகமன காலம் என்றும் வழங்கப்படுகிறது. புனித அந்திரேயா திருநாளான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறே இக்காலத்தின் முதல் ஞாயிறு ஆகும். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அமையும். ஆகவே இக்காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறி, 22 முதல் 28 நாட்கள் வரை நீடிக்கும். பெத்லகேமில் நிகழ்ந்த இயேசுவின் பிறப்பை நினைவுகூர ஆயத்தம் செய்தல், உலக முடிவில் அவர் மீண்டும் வருவதை எதிர்நோக்குதல் ஆகிய இரண்டும் இக்காலத்தின் நோக்கங்கள் ஆகும்.

வரலாறு

மெழுகுதிரி வளையத்தை முதன்முதலில் அமைத்தவராகக் கருதப்படுபவர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் (1808–1881) என்னும் லூத்தரன் இறையியலாளர் ஆவார். இவர் 1833-இல் ஹாம்பர்க் நகருக்கு அருகில், ஏழைச் சிறுவர்களுக்காக "ராவ்ஹெஸ் ஹவுஸ்" என்னும் இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அங்கிருந்த சிறுவர்கள் நாள்தோறும் கேட்டு வந்தனர். அதற்கு விடையாக அவர் 1839-இல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார் எனக் கூறப்படுகிறது. ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளும் வைக்கப்பட்டன. நாளுக்கு ஒன்றாக அவை ஏற்றப்பட்டதால், எஞ்சிய நாட்களைச் சிறுவர்கள் தாமே எண்ணிக்கொள்ள முடிந்தது.

வீடுகளில் வைக்க ஏற்றவாறு காலப்போக்கில் இது நான்கு திரிகள் மட்டும் கொண்ட சிறிய வளையமாக மாறியது. 1925-இல் கோல்ன் நகரின் கத்தோலிக்கக் கோவில் ஒன்றில் இவ்வளையம் வைக்கப்பட்டது. 2001-இல் வத்திக்கான் வெளியிட்ட பொதுமக்கள் பக்திமுயற்சிகள் பற்றிய வழிகாட்டி ஏடும் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. ஞாயிறுதோறும் ஒளி கூடுவது, மீட்பு வரலாற்றின் படிநிலைகளை நினைவூட்டுவதாக அது விளக்குகிறது.

ஏற்றும் முறை

முதல் ஞாயிறன்று ஒரு திரியும், இரண்டாம் ஞாயிறன்று இரண்டும் எரியும். நான்காம் ஞாயிறன்று நான்கும் எரியும். கத்தோலிக்கர் பெரும்பாலும் மூன்று ஊதா நிறத் திரிகளையும், மகிழ்ச்சியின் ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிறுக்கு ஓர் இளஞ்சிவப்புத் திரியையும் பயன்படுத்துகின்றனர். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என நான்கு திரிகளுக்கும் பெயரிடுவதும் உண்டு. சில இடங்களில் நடுவில் ஒரு வெள்ளைத் திரி வைக்கப்பட்டு, கிறிஸ்துமஸ் இரவில் ஏற்றப்படுகிறது.

இருளும் ஒளியும்

இவ்வளையம் தோன்றிய வட செருமனியில் திருவருகைக்காலம் ஆண்டின் மிக இருண்ட பகுதியாகும். ஹாம்பர்க்கில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல்பொழுது ஏறத்தாழ ஏழரை மணி நேரமே நீடிக்கும். வெளியே பகல் குறையக் குறைய, வளையத்தில் ஒளி கூடிக்கொண்டே வருகிறது. காத்திருப்பு என்பது வெறுமனே நாட்களைக் கழிப்பதன்று, வரவிருக்கும் ஒளியில் சிறிது சிறிதாக இப்பொழுதே பங்குபெறுவது என்னும் கருத்தை இது உணர்த்துகிறது.

இதே கருத்து வழிபாட்டு மன்றாட்டுகளிலும் காணப்படுகிறது. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில் பாடப்படும் ஏழு முன்மொழிகளுள், டிசம்பர் 21-க்கு உரியது கிறிஸ்துவை விடியலாக விளிக்கிறது. வட அரைக்கோளத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் அந்நாளையொட்டியே வருகிறது. இருளில் நடந்த மக்கள் ஒளியைக் கண்டதைக் கூறும் எசாயா 9-ஆம் அதிகாரப் பகுதி, கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது.

ஆஸ்திரேலியா போன்ற தென் அரைக்கோள நாடுகளில் இக்காலம் நீண்ட பகல் கொண்ட கோடையில் வருகிறது. அங்கு இருள் என்பது பருவநிலையை அன்றி, மனித வாழ்வின் துன்பத்தையும் பாவத்தையுமே குறிக்கிறது.