பாட்டி கேட்ட ராட்டை

சென்ற வருடம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தோம். பாட்டுப் போட்டோம், இரண்டு பேர் மிமிக்ரி செய்தார்கள், எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். நன்றாகவே கை தட்டினார்கள். கிளம்பும்போது ஒரு பாட்டி, "தார் சுத்த ஒரு ராட்டை கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். எங்கள் கடையநல்லூர் நெசவு ஊர். தறிக்குத் தார் சுற்றியே பழகிய கை அது. எங்களிடம் பதில் இல்லை.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் 19-வது பிரிவைப் பிறகு படித்துப் பார்த்தேன். மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம், அதில் ஆதரவற்ற முதியவர்கள் குறைந்தது 150 பேர் தங்க இடம் வேண்டும் என்கிறது. மருத்துவத்தோடு பொழுதுபோக்குக்கும் வழி செய்யச் சொல்கிறது. ஆனால் எது பொழுதுபோக்கு? பெரும்பாலும் ஹாலில் ஒரு டிவி, அவ்வளவுதான்!

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "பிடித்த செடியை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு, சினிமா வியாழனா வெள்ளியா, நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். இன்னொரு மாடியிலும் அதே செடி, அதே சினிமா. ஆனால் தண்ணீர் ஊற்றியது நர்ஸ், சினிமாவுக்கு நாள் குறித்தது நிர்வாகம். வித்தியாசம் இவ்வளவுதான்.

நான் வணிகவியல் மாணவன், கணக்கைப் பார்க்காமல் நம்ப மாட்டேன். 18 மாதம் கழித்து முதல் மாடியில் 47 பேரில் 7 பேரும், மற்றதில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். சின்ன ஆய்வுதான். அந்த இறப்புக் கணக்கின் புள்ளியியலில் பிழை இருந்ததாகப் பின்னால் திருத்தமும் வெளியிட்டார்கள். ஆகவே செடி வைத்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

1991-ல் நியூயார்க் மாநிலத்தில் பில் தாமஸ் என்ற டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். தான் வேலை பார்த்த முதியோர் இல்லத்துக்குள் இரண்டு நாய், நான்கு பூனை, நூறு பறவைகளைக் கொண்டுவந்துவிட்டார்! தனிமை, சலிப்பு, கையாலாகாத உணர்வு, இந்த மூன்றும்தான் அங்கே நோய் என்பது அவர் கட்சி. நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் பக்கம் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில், தோட்ட வேலையில் அங்கே தங்கியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் படித்த பிறகு அந்தப் பாட்டி கேட்டது வேறு மாதிரி புரிந்தது. அவர் எங்களிடம் நிகழ்ச்சி கேட்கவில்லை, வேலை கேட்டார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் பழைய ராட்டை ஒன்று கிடக்கிறது. தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். நூலுக்குத்தான் இன்னும் ஆள் பார்க்க வேண்டும்.