கோப்பித் துருவும் லிந்துலை மக்களும்

மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தென்னிந்தியப் பஞ்சங்களையும் கங்காணி முறையையும் விரித்துரைப்பர். அவ்வரலாற்றின் போக்கையே மாற்றிய பங்கசு ஒன்றை ஒரே வரியிற் கூறிக் கடந்துவிடுவர். அது தகாது.

1869 இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பார்க்லியும் புரூமும் அப்பங்கசிற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டனர். முதற்சொல், ஒருபுறம் வழவழப்பாயும் மறுபுறம் கரடாயும் அமைந்த வித்தியைக் குறிப்பது. மற்றது, பாழ்செய்வது எனப் பொருள்படுவது. துரைமார் அவ்விரண்டாம் சொல்லை நம்பினாரல்லர். கோப்பியின் விலை ஏறிநின்றமையால், நோய் தோன்றிய பின்னரும் லிந்துலை உள்ளிட்ட திம்புளைப் பகுதியிற் காடழித்துக் கோப்பி நட்டனர். 1870களின் இறுதியில் நாடெங்கும் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் கோப்பி நின்றது.

1880 இல் அரசின் அழைப்பில் வந்த ஹரி மார்ஷல் வார்ட், பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்திகள் காற்றிற் பரவுதலைக் காட்டினார். நீர்த்துளியில் முளைக்கும் வித்தி, இலைவாய் வழியே உட்புகுந்து சில வாரங்களிற் புதிய வித்திகளை ஈனும். துருப் பங்கசுகள் பலவற்றுக்கு வாழ்க்கை வட்டத்தை முடிக்க இரு விருந்துவழங்கிகள் வேண்டும். கோதுமைத் துருவுக்குப் பார்பெரிச் செடியே மற்றைய விருந்துவழங்கி என்பதை 1865 இல் டி பாரி நிறுவினார். ஆதலின் பார்பெரியை வெட்டி அந்நோயைக் குறைக்க முடிந்தது. கோப்பித் துருவுக்கோ அத்தகைய இரண்டாஞ் செடி இன்றுவரை கண்டறியப்படவில்லை. கோப்பியிலிருந்து கோப்பிக்கே அது நேரே தாவும். இடையிற் காடின்றி மலைதோறும் ஒரே பயிரை நட்டவர்கள், பருவக்காற்றுக்கு வழி திறந்துவிட்டனர். வார்ட் காரணத்தைக் கூறினார். மருந்து கூற அவரால் இயலவில்லை.

1884 இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. நலிந்த தோட்டங்களிற் கூலி நிலுவையாயிற்று. சிறிது காலம் சிங்கோனா நட்டுப் பார்த்தனர். பின்னர் தேயிலையே நிலைத்தது. நூற்றாண்டின் முடிவில் அது ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கரைப் பிடித்தது.

இம்மாற்றத்தின் பொருள் பயிர்க் கணக்கில் அடங்குவதன்று. கோப்பிக்கு அறுவடைக்காலத்திலேதான் மிகுதியான ஆட்கள் வேண்டும். அக்காலத்தில் பெரும்பாலும் ஆண்களே மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டவர் பலர். பிழைத்தோரிற் பெரும்பாலோர் பழம் பறித்தபின் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதைக் கிள்ளப் பெண்களின் கைகளும், அவர்கள் குடும்பமாய்த் தங்க லயன்களும் வேண்டியிருந்தன. லிந்துலையிற் பிள்ளைகள் பிறந்தனர், முன்னோர் புதைக்கப்பட்டனர்.

1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிடம், தந்தையோ அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயன்களில் அச்சான்று பலரிடம் இல்லை. வந்து போகும் கூட்டம் என்றே அவர்கள் கருதப்பட்டனர். வந்து போகும் வேலை கோப்பியோடு ஒழிந்து அப்போது அறுபது ஆண்டுகளாகியிருந்தன.